சலி என்று எழுதிப் பட்ட பாடு

வானிலை அறிக்கையை ஊருக்குச் சொல்கிற உத்தியோகத்தில், சொன்னது நடந்தால் அது இயற்கை, நடக்காவிட்டால் அது நீங்கள். ரயில்வே விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தவர்கள், பரீட்சை முடிவை ஒட்டப் போய் வசவு வாங்கிய வாத்தியார்கள், மருந்து வரவில்லை என்று சொல்ல நேர்ந்த கம்பவுண்டர்கள், இப்படித் தாங்கள் செய்யாத காரியத்துக்குத் திட்டு வாங்கிய எல்லோரும் எனக்கு உறவுக்காரர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எல்லையில் எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்பதும் ஒருவழியாக முடிவாகி, கைமாறும் தேதிக்காகக் காத்திருந்தோம். புத்தூர் பக்கத்தில் ஒரு பிளாக் ஆபீசில் நான் குமாஸ்தா. காலையில் இங்கிலீஷில் ஒரு தந்தி வரும். அதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி பஸ் நிலையத்துக் கரும்பலகையில் போட்டு, ஒன்பது ஊர்களுக்குப் பஸ்ஸில் காகிதம் அனுப்பி, தண்டோரா போடும் நாகையாவுக்கு வாசகம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த வருஷம் மார்கழியிலும் தையிலும் விழுந்த குளிரைப்போல் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மொட்டைத் தலை

முதல் தந்தி வந்த அன்று, ‘இன்றிரவு கடும் குளிர்’ என்று பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன். சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பினால் பின்னால் ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது. திருப்பதிக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள், ஊத்துக்கோட்டைப் பக்கம். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். ஐந்து பேர் தலையிலும் புதுச் சந்தனம்.

அந்த அம்மாள்தான் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு புருஷனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். மலையில் முடி இறக்க மனமில்லாத பெண்கள் மூன்று கத்திரி முடி மட்டும் கொடுத்துவிட்டு வருவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

“இத நேத்தே எழுதி இருந்தா நான் மூணு கத்திரி குடுத்துட்டு வந்திருப்பனே சாரு.”

பன்னிரண்டு டிகிரி

அப்போதுதான் பழைய பாரன்ஹீட் கணக்கை விட்டுச் சென்டிகிரேடுக்கு மாறியிருந்தார்கள். படித்தவர்களுக்கே குழப்பம். எனக்கு அந்தப் புதுக் கணக்கின் மேல் ஒரு பெருமை. பலகையில் வெறும் குளிர் என்று எழுதினால் போதாதென்று, ‘பன்னிரண்டு டிகிரி வரை இறங்கும்’ என்று சேர்த்து, அதன் கீழே ஒரு கோடும் போட்டேன்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த டிகிரி எல்லாம் டாக்டர் வாயில் வைக்கிற கண்ணாடிக் குச்சியில் இருப்பதுதான். நகரியிலிருந்து நெசவு நூல் ஏற்றிவந்த ஒரு பெரியவர் பலகையை வெகுநேரம் பார்த்தார். நான் விளக்கத் தயாராக நின்றேன். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

“நூத்தி ரெண்டுன்னாதான் ஜொரம். பன்னெண்டுக்கு எறங்கிடுச்சின்னா நல்லதுதான, இதுக்கு ஏன் சாரு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு நிக்கிற?”

ஓர் எழுத்து

அடுத்த தந்தி இன்னும் மோசம். ‘கோல்டு வேவ்’ என்று இருந்தது. நான் ‘குளிர் அலை’ என்று எழுதிக்கொண்டு போய் ஆபீசரிடம் காட்டினேன். அவர் நெல்லூர்க்காரர், தெலுங்கு மனிதர், கெட்டவர் இல்லை. “ஏமய்யா, சமுத்திரம் எங்க இருக்கு, அலை எங்க இருந்து வரும்? சலின்னு எழுது. இந்தப் பக்கம் தமிழ் ஆளுக்கும் தெரியும், தெலுங்கு ஆளுக்கும் தெரியும்” என்றார். தெலுங்கில் சலி என்றால் குளிர். எங்கள் பக்கம் பாதிப் பேச்சு தெலுங்குதான். அதனால் நானும் யோசிக்காமல் ‘கடும் சலி வருகிறது, ஜனங்களும் ஆடு மாடுகளும் பத்திரம்’ என்று தமிழ் எழுத்தில் எழுதி நாகையா கையில் கொடுத்துவிட்டேன்.

நாகையாவுக்கு ஐம்பது வயது. தமிழ் எழுத்து நன்றாகப் படிப்பார். அதுதான் வினையாகிவிட்டது. குமாஸ்தாவுக்கு எழுத்துப் பிழை விழுந்துவிட்டது, பாவம் சின்னப் பையன், நாம் திருத்திக்கொள்வோம் என்று பெரிய மனசு பண்ணி, லகரத்தை ளகரமாக மாற்றி ஒன்பது ஊரிலும் தமுக்கடித்தார். எல்லோருக்கும் கடும் சளி பிடிக்கப் போகிறது என்று ஊர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பலகையிலாவது ‘குளிர்’ என்று எழுதினேனா என்றால் அதுவும் இல்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் தெருக்கோடி வரைக்கும் ஜனம். கம்பவுண்டர் மருந்து அறையைப் பூட்டிக்கொண்டு நேரே எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

“இன்னும் யாருக்கும் மூக்கே ஒழுவல. வரப்போற சளிக்கு இப்பவே மருந்து குடுன்னு ஒக்காந்துகினு இருக்கறாங்க. நீயே வந்து குடு.”

கஷாயம்

இதுவரை சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன். மத்தியானம் வரைக்கும்தான்.

மத்தியானம் கல்மேட்டிலிருந்து செங்கம்மா என்று ஒருவர் வந்தார். கல்மேடு எங்கள் ஒன்பது ஊரில் கடைசி ஊர். தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள் அங்கே கொஞ்ச நாளாகத்தான் சொந்தமாக ஆளுக்கு ஒரு துண்டு நிலம், நாலு ஆடு என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். செங்கம்மாவின் புருஷன் பிச்சாட்டூர்ப் பக்கம் கால்வாய் வேலைக்குப் போயிருந்தார். வீட்டுக்கு ஆதாரம் ஆடுகள்தான். அந்த வாரம் ஐந்து குட்டி ஈன்றிருந்தன. தண்டோராவைக் கேட்டு அவர் துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் காய்ச்சி, பிள்ளைகளுக்கும் கொடுத்து, தாய் ஆடுகளுக்கும் மூங்கில் குழாயில் புகட்டியிருக்கிறார். குட்டிகளை எப்போதும்போல் திறந்த பட்டியில் விட்டிருக்கிறார். விடிந்து பார்த்தால் மூன்று குட்டி விறைத்துக் கிடந்திருக்கின்றன.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மேஜைக்கு எதிரே நின்று, நடந்ததை வரிசையாகச் சொன்னார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஓர் எழுத்து என்று நான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்த தப்பு, மூன்று உயிர் என்று அப்போதுதான் உறைத்தது.

“சொன்ன மாதிரியே செஞ்சேன் சாரு. கோணி போத்துன்னு ஒருத்தரும் சொல்லலியே.”

ராத்திரியும் பனியா?

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். இன்னொரு குளிர் வந்தால் கல்மேட்டில் ஒரு குட்டிகூடச் சாகக் கூடாது. அதற்கு முதலில் எல்லோருக்கும் விளங்குகிற ஒரு சொல் வேண்டும். சலி ஒழிந்தது. குளிர் என்றால் பாதித் தெலுங்குக்காரர்களுக்குப் புரியவில்லை. பனி என்று போட்டால் என்ன என்று தோன்றியது. நல்ல சொல், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வண்டிமேட்டில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஆட்களிடம் போய்ச் சோதித்துப் பார்த்தேன். அவர்கள் தெலுங்கு ஆட்கள். “இன்று ராத்திரி பனி அதிகமாக இருக்கும், ஜாக்கிரதை” என்றேன். தெலுங்கில் பனி என்றால் வேலை என்பது, வாக்கியத்தை முடித்த பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மேஸ்திரி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“ராத்திரியும் பனியா சார்? பகல் பனியே இன்னும் முடியல.”

போகிற ஊர்

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, சொல்லைத் தேடுவதையே விட்டுவிட்டேன். செங்கம்மா சொன்னதுதான் வழி. வருவது என்ன என்று சொல்லிப் பயனில்லை, செய்ய வேண்டியது என்ன என்று சொல்ல வேண்டும். புதுக் காகிதத்தில் குளிரும் இல்லை, சலியும் இல்லை, டிகிரியும் இல்லை. ‘குட்டிகளைக் கோணியால் போர்த்துங்கள். வாடைக்காற்று அடிக்கும் பக்கம் ஓலைத் தட்டி கட்டுங்கள். பட்டியில் வரட்டி மூட்டம் போடுங்கள். விடிந்து வெயில் ஏறும் வரை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள்.’ அவ்வளவுதான். ஆபீசரே படித்துவிட்டுத் தலையாட்டினார்.

தை பிறந்த கையோடு அடுத்த தந்தி வந்தது. இரண்டு இரவு, போன தடவையைவிடக் கடுமை. ஒன்பது பிரதி எழுதினேன். ஆபீசர் எட்டில் கையெழுத்துப் போட்டு ஒன்பதாவதைத் திருப்பிக் கொடுத்தார். கல்மேடு மதராஸ் பக்கம் போகிற ஊர்களில் ஒன்று, இனி அதற்கு நாம் எழுத வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்து ஆபீசுக்கு ஒரு தடவை எழுதிக் கேட்டதற்கு, ஊர் இன்னும் தங்கள் கைக்கு வரவில்லை என்று பதில் வந்திருந்தது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்துப் பார்த்தேன். அந்த ஊர் ஸ்டேஜையே எடுத்துவிட்டார்களாம். போகவில்லை, வரவும் இல்லை, நடுவில் நின்றுகொண்டிருந்தது கல்மேடு. நான் மறுபடியும் ஆபீசரிடம் போய் நின்றேன். வாதாடினேன். அரைநாள் லீவு கேட்டு எழுதி நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“லீவு உன்னுது. லீவுல நீ எந்த ஊருக்குப் போற, அங்க இன்னா பேசறன்னு நான் கேக்கல.”

லியும் ளியும்

கல்மேடு ஐந்து மைல். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நாகையா தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருக்கு அந்த ஊர்த் தண்டோராவுக்குப் படி கிடையாது, உத்தரவும் கிடையாது. நான் வேண்டாம் என்றேன். உங்களுக்கு வயசாயிற்று, காற்று அடிக்கிறது, நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் பின்சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பாதி தூரத்தில் புதிதாக நட்ட எல்லைக்கல் ஒன்றைத் தாண்டினோம். அதன் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நாகையா சொன்னார்.

“லின்னு எழுதினது நீ. ளின்னு கூவுனது நான். உன்ன மட்டும் அனுப்பிட்டு நான் வூட்ல ஒக்காந்துகினு சோறு துன்ன முடியுமா சாரு?”

சட்டை தைத்த கதை

கல்மேட்டில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பை விரிவாக எழுதினால் எனக்குத்தான் கேவலம். தமுக்குச் சத்தம் கேட்டதுமே இந்தத் தடவை என்ன வியாதி என்று ஒருவர் கேட்டார். கஷாயத்துக்கு மிளகு ஆபீசில் கொடுப்பார்களா என்று இன்னொருவர். நான் காகிதத்தை எடுத்துப் படித்தேன். கேட்டுவிட்டுப் பாதிப்பேர் கலைந்தார்கள். எங்களை வேண்டாமென்று தள்ளிவிடுகிற ஆபீசு எங்கள் ஆட்டுக்குட்டிக்குப் போர்வை போடச் சொல்கிறதா என்று ஒருவர் கேட்டபோது நான் காகிதத்தை முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.

செங்கம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். மிஞ்சிய இரண்டு குட்டிகளோடு இப்போது இன்னும் மூன்று பிறந்திருந்தன. அவர் உள்ளே போய் ஒரு பழைய நெல் கோணியையும் கோணி ஊசியையும் கொண்டுவந்து என் மடியில் போட்டார். படித்தது போதும், செய்து காட்டு என்று அர்த்தம். நான் வெள்ளைச் சட்டையோடு மண்ணில் உட்கார்ந்தேன். கோணியைக் கிழித்து, முன்னங்காலுக்கு இரண்டு ஓட்டை விட்டு, குட்டிக்கு மாட்டி, முதுகுப் பக்கம் தைத்தேன். முதல் சட்டையில் குட்டியின் தலை கால் ஓட்டை வழியாக வந்தது. நாகையா ஓலைத் தட்டி கட்டினார். சிரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்க் கோணி எடுத்து வந்தார்கள். அவர்கள் தைத்தது என்னுடையதைவிட நேராக இருந்தது. பொழுது சாய்வதற்குள் கல்மேட்டில் சட்டை போடாத குட்டி இல்லை. செங்கம்மா என் கைவேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தையலு படு மோசம். குட்டி நெளியாம பாத்துக்கிறேன், நீ இருட்டறதுக்குள்ள போ சாரு.”

வராத குளிர்

வாசகர்களே, அன்றிரவு குளிர் வரவில்லை. மேகம் மூடிக்கொண்டது. மார்கழி முழுக்க ஒரு ராத்திரிகூட அவ்வளவு இதமாக இருந்ததில்லை. நான் போர்வையை உதறிவிட்டு உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாகக் குளிர் வரவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். வேண்டிய கையோடு, குட்டிகளை நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்றும் சொன்னேன். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும்.

தந்தி சொன்னது இரண்டு இரவு. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மறுநாள் மத்தியானம் மிச்ச அரைநாளையும் லீவு போட்டுவிட்டு மறுபடி கிளம்பினேன். போகாதே, அடிப்பார்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். அடித்தால் அடிக்கட்டும், குட்டி செத்த பிறகு போய் நிற்பதைவிட அது மேல் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். கல்மேட்டு முனையிலேயே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. பல வீடுகளில் கோணிச் சட்டைகளைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் நேரே செங்கம்மாவின் பட்டிக்குப் போய், இன்னும் ஒரு ராத்திரி, தயவுசெய்து இன்னும் ஒரே ஒரு ராத்திரி என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் நகர்ந்து நின்று உள்ளே காட்டினார். ஐந்து குட்டிகளும் என் கோணல் சட்டையோடு ஆளுக்கு ஒரு மூலையில் குதித்துக்கொண்டிருந்தன.

அவர் என்னைத் தாண்டி, தெருவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். சொன்னது அவர்களுக்குத்தான், ஆனால் எனக்கு அன்றைக்கு அது போதும்.

“மூணு குட்டி பொதைச்சவ நான். நான் அவுக்கல. உங்களுக்கு சிரிப்பு வந்தா அவுத்துக்கோங்க.”

மூன்றாம் நாள் காலை

அன்றிரவு குளிர் வந்தது. சொன்னதற்கு மேலேயே வந்தது. விடிந்தும் விடியாமலும் நானும் நாகையாவும் சைக்கிளில் போனபோது கை பிரேக்கைப் பிடிக்க மறுத்தது. புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஊர்க்குளத்தில் இருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கல்மேட்டில் கொடியில் ஒரு கோணிகூட இல்லை. எல்லாம் இறங்கிக் குட்டிகள் முதுகுக்குப் போயிருந்தன. பட்டிக்குப் பட்டி மூட்டப் புகை. வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனோம். எல்லாக் குட்டியும் இருந்தன. செங்கம்மாவின் ஐந்தும் தாய் மடியை முட்டிக்கொண்டிருந்தன. நாகையா தமுக்கைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். நான் அவரைத் தேற்றுகிற மாதிரி திரும்பிக்கொண்டு நானும் அழுதேன்.

செங்கம்மா மூட்டத்தின் ஓரமாக எங்களை உட்கார வைத்துச் சூடாகக் கூழ் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, ஊர் கைமாறிய பிறகு எங்களுக்கு யார் வந்து சொல்வார்கள் என்று கேட்டார். அந்தப் பக்கத்து ஆபீசில் புதிதாக ஒரு குமாஸ்தா வருவார், அவரும் முதலில் டிகிரி என்றுதான் எழுதுவார், அவருக்கு எத்தனை குட்டி செத்துப் பாடம் வரவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான்தான் வந்து சொல்வேன் என்றேன். உத்தரவு இருக்குமா என்று கேட்டார். இருக்காது என்றேன். அவர் கூழ்ச் சட்டியை வாங்கிக்கொண்டார்.

“அப்ப நீ மட்டும் வராத, தமுக்குக்காரரையும் இட்டுக்கினு வா சாரு. உன் கொரலு எங்க பட்டிக்கே எட்டல.”

அதன்பிறகு மூன்று குளிர்காலம், இன்னொரு ராஜ்யத்து ஊருக்கு இந்த ராஜ்யத்துக் குமாஸ்தா தன் லீவில் போய்த் தண்டோரா போட்டு வந்தது என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை என்றாலும், முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் பிழையில்லாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடிய வேலை அது ஒன்றுதான்.